டிசம்பரில் பார்த்த ஊர்

அன்புள்ள ஐயா,

எனக்கு 57 வயது, மனைவிக்கு 54. இன்னும் ஒன்றரை வருடத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். சேமிப்பையும் வரப்போகும் ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் இப்போது இருக்கும் நகரத்தில் காலம் தள்ள முடியாது. தாய்லாந்தின் சியாங் மாய்க்கு இரண்டு டிசம்பர்களில் போய்வந்தோம். குளிர்ந்த காலை, மலை, நல்ல மனிதர்கள், பாதிச் செலவு. அங்கே ஒரு அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடலாமா? நண்பர்கள் மலேசியா, பனாமா என்றும் சொல்கிறார்கள். உங்கள் அண்ணன் சியாங் மாயில் இருந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வீட்டு விஷயம். வாங்காதீர்கள், இப்போதைக்கு. சட்டப்படி வாங்கலாம்தான், நிலம் வெளிநாட்டவர் பெயரில் வராது, ஆனால் காண்டோ எனப்படும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் வைத்திருக்கலாம். ஆனால் நீங்கள் அந்த ஊரை டிசம்பரில் மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். அது அந்த ஊரின் மிக நல்ல மாதம்.

பிப்ரவரி பிறந்ததும் சுற்றுவட்டாரத்தில் வயல் தாளைக் கொளுத்துவார்கள், காடும் எரியும், எல்லை தாண்டியும் புகை வரும். ஊர் மலைகளுக்கு நடுவில் கிண்ணம் போல இருப்பதால் அது வெளியேறாமல் அப்படியே தங்கிவிடும். ஏப்ரல் வரை இதுதான். உலகின் மோசமான காற்றுள்ள நகரங்களின் பட்டியலில் அந்த மாதங்களில் சியாங் மாய் பல நாட்கள் முதலிடத்துக்கே வந்திருக்கிறது. நான் ஒரு மார்ச்சில் அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கினேன். பால்கனியில் நின்றால் எதிரே தெரிய வேண்டிய தோய் சுதேப் மலை ஒரு நாள்கூடத் தெரியவில்லை. ஜன்னல் இடுக்குகளில் அண்ணி ஈரத்துணியைச் சுருட்டி வைத்திருப்பார், மாலையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் பழுப்பாக வரும். அண்ணனுக்கு ஆஸ்துமா இருந்தது. அங்கே போன முதல் இரண்டு வருடம் "இந்த ரெண்டு மாசம்தானே" என்று சமாளித்தார், அப்புறம் வருடா வருடம் அந்தச் சமயத்தில் தெற்கே கடற்கரைப் பக்கம் அறை எடுத்துத் தங்க ஆரம்பித்தார். மலிவு என்று போட்ட கணக்கில் அந்தச் செலவு இல்லவே இல்லை.

அதனால் மார்ச்சில் போய் ஒரு மாதம் இருங்கள், மழைக்காலத்தில் இன்னொரு மாதம். முதல் வருடமாவது வாடகைக்குத்தான். ஏசி நிறுத்திய அறையில் அலமாரிக்குள் தொங்கும் தோல் பெல்ட்டில் பூஞ்சை பிடிப்பதையும், வருகிற மின்கட்டணத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விசா பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. 50 வயது ஆகிவிட்டதால் உங்கள் இருவருக்கும் வழி உண்டு. ஒரு தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் (அந்நாட்டு நாணயம்) இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். வங்கிப் பணம் என்றால் விண்ணப்பிக்க இரண்டு மாதம் முன்பும் கிடைத்த பிறகு மூன்று மாதமும் அதைத் தொடக்கூடாது, மற்ற மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், 90 நாளுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் செய்யக்கூடியதுதான். ஆனால் எத்தனை வருடம் இருந்தாலும் அது ஒரு வருட அனுமதிதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விதியும் மாறும். மலேசியா 2021ல் தன் நீண்டகாலத் தங்கல் திட்டத்துக்கான மாத வருமானத்தை 10,000 ரிங்கிட்டிலிருந்து ஒரேயடியாக 40,000 ஆக்கியது, 2024ல் மறுபடி முழுசாக மாற்றியது. தாய்லாந்தும் 2024லிருந்து, வருடத்தில் 180 நாள் தங்குகிறவர் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரிக்கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. பனாமாவில் ஆயுள் முழுக்க மாதம் 1,000 டாலர் ஓய்வூதியம் வருகிறவருக்கு விசா எளிது, அங்கே டாலரே செலாவணி. உங்கள் ஓய்வூதியம் டாலரில் என்றால் யோசிக்கலாம்.

நாணய மாற்று விகிதத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007ல் ஒரு பவுண்டுக்கு 65 பாட்டுக்கு மேல் கிடைத்தது, 2019 வாக்கில் 40ஐ ஒட்டி வந்துவிட்டது. பவுண்டில் ஓய்வூதியம் வாங்கி அங்கே வாழ்ந்தவர்களுக்கு, ஓய்வூதியம் குறையாமலே வருமானம் குறைந்தது.

மருத்துவக் காப்பீட்டை இப்போதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுங்கள். எழுபது வயதுக்குப் பிறகு புதிதாகக் கிடைப்பது சிரமம், கிடைத்தாலும் ஏற்கெனவே இருக்கும் நோயை ஒதுக்கிவிடுவார்கள், பிரீமியமும் வயதோடு ஏறிக்கொண்டே போகும். உங்கள் கணக்கை 60 வயதுக்காரராக அல்ல, 78 வயதுக்காரராக ஒருமுறை போட்டுப் பாருங்கள், அந்த வயதில் மாடி ஏறுவதையும் மருத்துவரிடம் வேற்று மொழியில் வலியை விளக்குவதையும் சேர்த்து.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஒன்பதாவது வருடம் அங்கேயே இறந்தார். மூன்றாம் நாள் அண்ணியோடு நான் வங்கிக்குப் போனேன். பணம் முழுக்க அண்ணன் பெயரில் மட்டும். கவுன்டரில் இருந்த பெண் மிகவும் பணிவாக, இரண்டு கைகளாலும் பிடித்து, பாஸ்புத்தகத்தை அண்ணி பக்கம் திரும்ப நகர்த்தி வைத்தார். நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி வந்தால்தான் அதில் கைவைக்க முடியும். அதைவிடப் பெரிய இடி, அண்ணியின் விசா அண்ணனுடைய விசாவைச் சார்ந்து எடுத்தது. அவர் போனதும் அண்ணி அங்கே இருப்பதற்கான அடிப்படையே போய்விட்டது. சொந்த வீட்டில், கணவருடைய துணிமணிகூட இன்னும் மடித்தபடி இருக்க, அவர் பாஸ்போர்ட்டைத் திறந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணன் எதிலும் கவனமானவர், மனைவிமேல் உயிரையே வைத்திருந்தவர். இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

ஆகவே போவதென்றால் உங்கள் மனைவிக்கு அவர் பெயரிலேயே தனி விசா, அவர் பெயரிலேயே தனிக்கணக்கு, அந்த நாட்டுச் சட்டப்படி ஒரு உயில். இருவருக்கும் தனித்தனியே 8 லட்சம் வைக்க உங்களால் முடியாதென்றால், அந்த ஊர் உங்களுக்கு மலிவான ஊர் இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனைவியின் வயது இருக்கிறது, அவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. அவரிடம் கேட்டு, முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள்.