கடற்பஞ்சு கறுப்பதும் அதன் சாறு அமிலத்தில் சிவப்பதும் ஒரே வேதியியலா?

மஞ்சள் கடற்பஞ்சு காற்றுப் பட்டதும் கறுத்துவிடுகிறது, இன்னொன்றின் சாறு அமிலத்தில் சிவக்கிறது, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. முதலாவது போனால் போனதுதான். இரண்டாவதைத் திருப்பிக் கொண்டுவரலாம்.

மத்தியதரைக் கடலில் இருக்கும் அப்லிசினா ஏரோஃபோபா என்ற மஞ்சள் கடற்பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோஃபோபா என்றால் காற்றுக்கு அஞ்சுவது, 1833-லேயே வைத்த பெயர். இதில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு புரோமின் சேர்ந்த சேர்மங்கள் ஏராளம் என்பதால் பலர் பழியை அவற்றின் மேல் போடுகிறார்கள், பாவம், அவை பெரும்பாலும் நிறமே இல்லாதவை. மஞ்சளுக்குக் காரணம் யுரானிடின் என்ற சின்ன குயினோலின் மூலக்கூறு. அதன் வளையத்தில் மூன்று ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள், அதில் இரண்டு எதிரெதிரே. ஆக்சிஜன் வந்து எலக்ட்ரானைப் பிடுங்கியதும் அது குயினோன் போல, அதாவது ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன்களை இழந்த வளையமாக மாறி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கருநீலமாகி, கடைசியில் கறுத்துவிடும்.

அமிலத்தில் சிவப்பவை வேறு கூட்டம். பிரிடோஅக்ரிடின்கள் என்பார்கள், 1983-இல் குவாம் தீவுக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து வந்த அம்ஃபிமெடின் இவற்றில் முதலில் தெரியவந்தது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வளையங்கள் தட்டையாக ஒட்டியிருக்கும், நடுவே நைட்ரஜன்கள். அமிலத்திலிருந்து ஒரு புரோட்டான் வந்து நைட்ரஜனில் ஒட்டினால் எலக்ட்ரான் ஏற வேண்டிய படியின் உயரம் குறையும், அதனால் இன்னும் நீண்ட அலைநீள ஒளியை உறிஞ்சும், மஞ்சள் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ, சிலவற்றில் ஊதாவாகவோ மாறும். காரம் விட்டால் பழையபடி மஞ்சள்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சேர்மங்களைப் பிரித்துப் பார்க்கும் மெல்லடுக்குத் தகட்டில் அழகான மஞ்சள் புள்ளி ஒன்று வந்தது, தகட்டை டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலப் புட்டி பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் சிவப்பு! புதுச் சேர்மம் என்று நினைத்து இரண்டு நாள் அதன் பின்னால் அலைந்தேன், வந்ததென்னவோ அதே மூலக்கூறின் உப்பு, அதாவது புரோட்டான் ஒட்டிய வடிவம். பழைய குளோரோஃபார்மும் இதே வேலையைச் செய்யும், அதில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகியிருக்கும்.

உங்களிடம் சாறு இருந்தால், தகட்டில் ஒரு புள்ளி வைத்து அம்மோனியா ஆவியில் காட்டிப் பாருங்கள். நிறம் திரும்பினால் புரோட்டான் விளையாட்டு. திரும்பாமல் இன்னும் கறுத்தால் ஆக்சிஜன்தான், ஏனென்றால் காரத்தில் ஃபீனால்கள் (யுரானிடின் போல வளையத்தில் ஹைட்ராக்சில் உள்ளவை) இன்னும் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடையும், அந்தச் சாறை உடனே நைட்ரஜன் வாயு நிரப்பிய புட்டியில் மூடி வையுங்கள். நான் இப்போதெல்லாம் லேபிளில் நிறத்தை எழுதினால் பக்கத்திலேயே 'உப்பு' அல்லது 'தனிக் காரம்' (புரோட்டான் ஒட்டாதது) என்றும் எழுதிவிடுகிறேன்.