உப்புவெளியில எலக்ட்ரிக் கார்: பயப்பட வேண்டியது எதுக்கு?

உப்புவெளியில இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கிறார், பாவிச்ச 2014 நிசான் லீஃப் ஒண்டு வருதாம், வீடு கடலுக்குக் கிட்ட, போர்ட்டிகோவுக்கு மேல பிள்ளைகள்ட அறை, ராவில சார்ஜ் போட்டா நெருப்புப் பிடிக்குமோ, ஹேக் பண்ணுவாங்களோ எண்டு வீட்டில பயப்படுறாங்களாம்.

வாங்கலாம் அண்ணா. ஆனா பேட்டரிய பாக்க முதல் சுவர்ல இருக்கிற ப்ளக் பொயின்ட பாருங்க. அதில கேத்தல் அஞ்சு நிமிஷம் ஓடும், கார் விடிய விடிய இழுக்கும், அதோட கடல் காத்து உப்புப் பட்டு பித்தளை களிம்பேறி தொடுற இடம் லூசாகும், சூடேறுறது அங்கதான். ஒரு மணித்தியாலம் சார்ஜ் ஏறினாப் பிறகு ப்ளக்கில புறங்கைய வச்சுப் பாருங்க, வைக்க ஏலாத சூடெண்டா, இல்லாட்டி வெள்ளை சொக்கெட்டில ஒரு ஓட்டையச் சுத்தி மட்டும் மண்ணிறமா இருந்தா உடனே நிப்பாட்டுங்க. சூடான ப்ளக் சில நேரம் மீன் வாடை மாதிரி மணக்கும், நம்ம ஊர்ல அது குசினி மணமெண்டு விட்டிருவம், தயவுசெய்து விடாதீங்க. எக்ஸ்டென்ஷன் வயர் வேணவே வேணாம். மெயின் போர்ட்ல இருந்து தனி வயர், தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த், இதில காசு மிச்சம் பிடிக்காதீங்க.

எனக்கு உண்மையான பயம் கடல் தண்ணி. 2022ல புளோரிடாவில இயன் சூறாவளிக்குப் பிறகு உப்புத்தண்ணியில நிண்ட எலக்ட்ரிக் கார்கள் சில, வெள்ளம் வடிஞ்ச பிறகும் எரிஞ்சது, ஏனெண்டா உப்பு பேட்டரிக்குள்ள படிஞ்சு ஷோர்ட் ஆக்கும். மாரியில புயலெண்டு சொன்னா முதல்லயே கார மேட்டுப் பக்கம் கொண்டுபோய் விடுங்க. கடல் தண்ணி ஏறிட்டா ஸ்டார்ட் பண்ணவும் வேணாம் சார்ஜ் போடவும் வேணாம், வீட்டில இருந்து 50 அடிக்கு அங்கால இழுத்து வைக்கச் சொல்லுங்க. கீழால சீறுற சத்தம், வெள்ளைப் புகை வந்தா பிள்ளைகளோட வெளிய ஓடிட்டு 110க்கு அடிங்க.

சொப்ட்வேர் கதைக்கு வாறன். 2016ல லீஃப் ஆப்பில சேசிஸ் நம்பர் தெரிஞ்சாலே வேற ஆள் ஏசி போடலாம், போய்வந்த விபரம் பாக்கலாம் எண்டு தெரிய வந்து நிசான் அந்த ஆப்பையே நிப்பாட்டினது, பிரேக், ஸ்டியரிங் ஒண்டையும் அதால தொட ஏலாது. அப்டேட்டுக்குப் பயப்படாதீங்க, 2024ல அமெரிக்காவில 2019, 2020 லீஃப்களுக்கு ஃபாஸ்ட் சார்ஜ்ல பேட்டரி சூடாகி எரியலாமெண்டு ரீகால் வந்தப்ப திருத்தமே சொப்ட்வேர்தான். உங்களுக்கு வரக்கூடிய சொப்ட்வேர் பிரச்சினை வேற: பேட்டரி எவ்வளவு நல்லா இருக்கெண்டு டாஷ்போர்ட்ல காட்டுற 12 கோட்டையும் (பார்) ரீசெட் பண்ணி, பழைய பேட்டரிய புதுசு மாதிரி நிறையக் காட்டி விக்கிறது. விலை பேச முதல் லீஃப் ஸ்பை எண்ட, பேட்டரி விபரம் காட்டுற போன் ஆப்பப் போட்டு, பேட்டரிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு செல்லின்ட வோல்டேஜையும் பாருங்க, நிலாவெளிப் பக்கம் நல்லா ஓட்டிட்டு வந்து திரும்பவும் பாருங்க, ஒரு செல் மட்டும் மத்ததை விட நல்லா இறங்கியிருந்தா அந்தக் கார் வேணாம்.