பட்டம் வேண்டாம், பார்த்ததை எழுதுங்கள்

கேள்வி:

அன்புள்ள ஆச்சிக்கு,

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நகரத்தார் குடும்பம் ஒன்று நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிக்கு இந்த ஜூனில் தலைமையாசிரியையாக வந்தேன். என்னையும் சேர்த்து ஐந்து ஆசிரியர்கள். சத்துணவுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர்; காலை உணவு சமைக்க இரண்டு பெண்கள்; கூட்டிப் பெருக்க ஒரு அக்கா. தாளாளர் சென்னையில் இருக்கிறார், அவர் மகள் அமெரிக்காவில். அங்கே மே மாதத்தில் ஆசிரியர்களைப் பாராட்டுவதற்கென்றே ஒரு வாரம் உண்டாம், பள்ளியிலிருந்து வாராவாரம் பெற்றோருக்குச் செய்தியும் போகுமாம். ‘நாமும் செய்யலாமே’ என்றார் தாளாளர். எனக்கும் ஆசைதான். வெள்ளிக்கிழமைதோறும் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு செய்தியும் பத்துப் பதினைந்து போட்டோவும் போட ஆரம்பித்தேன். கூடவே ‘இவ்வார நட்சத்திர ஆசிரியர்’ என்று ஒருவரை அறிவித்தேன்.

மூன்றாவது வாரமே சிக்கல். ஐந்தாம் வகுப்பு டீச்சர் இதே பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர். அவர் இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. செய்தியைப் பாதிப் பெற்றோர் படிப்பதே இல்லை. படிப்பவர்களில் சிலர் குழுவிலேயே சண்டை போடுகிறார்கள். போதாக்குறைக்கு, ஆசிரியர் தினத்துக்கு டீச்சர்களுக்குப் பட்டுச்சேலை எடுக்கிறோம் என்று சில அம்மாக்கள் வீட்டுக்கு 500 ரூபாய் வசூல் ஆரம்பித்துவிட்டார்கள். பேசாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?

– பெயர் வேண்டாம், காரைக்குடி வட்டாரம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். வாரச் செய்தி தொடரட்டும், பாராட்டும் தொடரட்டும். ‘நட்சத்திர ஆசிரியர்’ மட்டும் இந்த வெள்ளிக்கிழமையோடு போகட்டும்.

உங்கள் பள்ளியில் ஐந்து ஆசிரியர்கள். உங்களுக்கு நீங்களே பட்டம் கொடுத்துக்கொள்ள முடியாது. மிச்சம் நான்கு பேர். நான்கு வாரத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்று வந்துவிடும். அதற்குப் பிறகு அது பாராட்டு இல்லை, முறைதான். முறை வைக்காமல் உண்மையிலேயே தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், வாராவாரம் மூன்று பேரிடம் ‘நீங்கள் இல்லை’ என்று ஊருக்கு முன்னால் சொல்கிறீர்கள். நூறு ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில் அது யாரையும் பெரிதாகச் சுடாது. ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிற நான்கு பேருக்குள் நன்றாகவே சுடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாதிரிப் பட்டம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குத்தான் போகும். சுவரில் படம் வரைந்தவர், பிள்ளைகளை மேடையேற்றி ஆட வைத்தவர், போட்டோவில் அழகாக வருகிற எதையாவது செய்தவர். எழுத்துக்கூட்டத் தெரியாமல் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளையைச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லும் டீச்சரை யார் போட்டோ எடுக்கப் போகிறார்கள்? நீங்கள் முதலில் தேர்ந்தெடுத்த மூன்று பேர் என்ன செய்ததற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு டீச்சரின் கோபத்துக்குக் காரணம் அங்கேயே இருக்கும் என்று நினைக்கிறேன். அது பொறாமை என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது வருட வேலையைப் புதிதாக வந்தவர் பார்க்கவே இல்லையே என்கிற வருத்தம் அது.

நம் செட்டிநாட்டுப் பள்ளிகளில் ஒரு காட்சி எங்கும் உண்டு. வாசலில் ஏறியதும் பளிங்குக் கல். கட்டடம் கட்டிக் கொடுத்தவர், கிணறு வெட்டியவர், மின்விசிறி உபயம், பெஞ்சு உபயம் என எல்லாப் பெயரும் அதில் இருக்கும். கொடுத்தவர் பெயரைப் பொறித்து வைப்பதில் நமக்கு இணை கிடையாது. அதில் தப்பும் இல்லை, அவர்கள் கொடுத்ததால்தான் இந்த வட்டாரத்தில் இத்தனை பள்ளிகள் எழுந்தன. ஆனால் அந்தக் கட்டடத்தைத் தினமும் காலையில் திறந்து, கூட்டி, குடத்தில் தண்ணீர் நிரப்பி வைக்கிறவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உங்கள் வாரச் செய்தி அந்தக் குறையைத் தீர்க்கிற இடமாக இருக்க முடியும். அதனால்தான் அதை நிறுத்த வேண்டாம் என்று இவ்வளவு சொல்கிறேன்.

எப்படிச் செய்வது? ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஐயாக்கள் பர்மாவிலும் மலாயாவிலும் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கியதுபோல, பள்ளியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, சமையலர், உதவியாளர், காலை உணவுப் பெண்கள், கூட்டும் அக்கா எல்லோருக்கும்தான். கண்ணில் படுவதை அன்றன்றே தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். மாதக் கடைசியில் புரட்டும்போது யாருடைய பக்கம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். அவர் வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர் வகுப்பில் பின்பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருங்கள். சமையலறை என்றால் காலையில் சீக்கிரமே போங்கள். 2024 ஜூலை 15 அன்று காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அதிலிருந்து அந்த இரண்டு பெண்களும், தங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்பே உங்கள் பள்ளி அடுப்பைப் பற்ற வைக்கிறார்கள். பெற்றோரில் எத்தனை பேருக்கு அவர்கள் முகம் தெரியும்?

எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே பார்த்துவிட முடியாது. எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளப் பதிவு, பயிற்சிக் கூட்டம், வட்டாரக் கல்வி அலுவலகம் என்று பாதி நேரம் உங்களை வெளியே இழுத்துவிடும். அதனால் வியாழக்கிழமை மதியம் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த வாரம் உங்களுக்கு யார் கை கொடுத்தார்கள்?” தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கூட அடுத்தவரைப் பற்றிச் சொல்லிவிடுவார். “எனக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டாங்க” என்று ஒருவர் சொல்வார். அந்தச் செய்தி உங்களுக்கு வேறு எந்த வழியிலும் வந்திருக்காது. இப்படி நான்கு வாரம் கேட்டால், முகம் திருப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவிலேயே ஒரு பேச்சு தொடங்கும்.

எழுதும்போது ‘அர்ப்பணிப்பு’, ‘தன்னலமற்ற சேவை’ என்றெல்லாம் போடாதீர்கள். அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், அதனால் யாருக்கும் ஒட்டாது. என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்பது போதும். ஒரே ஒரு கவனம் தேவை. உங்களுடையது சின்ன ஊர். ‘வாசிக்கத் தடுமாறிய ஒரு மாணவனை’ என்று பெயர் போடாமல் எழுதினாலும் அது யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். டீச்சரைப் பாராட்டப் போய்ப் பிள்ளையைக் கூனிக் குறுக வைக்கக் கூடாது. அந்த மாதிரி வேலையை நோட்டில் எழுதி, நேரில் அவரிடம் சொல்லுங்கள். செய்தியில் வேறு ஒன்றைச் சொல்லலாம்.

வாரச் செய்தி ஏன் படிக்கப்படவில்லை என்பதற்கு வருகிறேன். கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த மாதிரிச் செய்தியைப் படித்தேன். சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. உங்கள் பெற்றோர் யார் என்று யோசியுங்கள். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர், கொத்தனார், கடையில் நிற்கிறவர். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, அப்பத்தாவிடம் வளரும் பிள்ளைகளும் உங்கள் பள்ளியில் இருப்பார்கள். போனைத் தள்ளாமல் ஒரே திரையில் முடிகிற அளவுக்கு எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

“வணக்கம். இந்த வாரம் இரண்டாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் ஆரம்பித்தோம். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைப் பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். நான்காம் வகுப்பு ஊருணிக்குப் போய் வந்தது. அங்கே என்னென்ன பறவை பார்த்தாய் என்று கேளுங்கள். புதன் இரவு மழையில் தாழ்வாரத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. கூட்டும் அக்காவும் சத்துணவு உதவியாளரும் மணி அடிப்பதற்குள் அதை இறைத்துத் துடைத்து முடித்ததால், வியாழன் காலை வகுப்பு நேரத்துக்கே நடந்தது. செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனை, அன்று யாரும் விடுப்பு எடுக்க வேண்டாம்.”

அவ்வளவுதான். பாராட்டு தனியாகக் கடைசியில் ‘சிறப்பு நன்றி’ என்று நிற்கவில்லை, வாரத்தின் செய்தியோடு செய்தியாக வருகிறது. படிக்கிறவருக்குப் பள்ளி எப்படி நடக்கிறது என்பதும் தெரிகிறது. பிள்ளையிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி மட்டும் எப்போதும் இருக்கட்டும். தூரத்தில் இருக்கும் அப்பாவுக்கு அது பெரிய உதவி. வீடியோ காலில் ‘சாப்பிட்டியா, நல்லா படிக்கிறியா’ என்பதைத் தாண்டி அவருக்குப் பேச ஒரு விஷயம் கிடைக்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற சமயத்தில் வகுப்புகள் காலியாகும் என்றால், அந்த வாரம் என்ன பாடம் நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படிக்க முடியாத அப்பத்தாக்களுக்காக அதையே உங்கள் குரலில் ஒரு நிமிடம் பேசி அனுப்புங்கள். வாசல் கரும்பலகையிலும் எழுதிப் போடுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்கள் நின்று படிப்பார்கள்.

குழுச் சண்டைக்கு வழி எளிது. அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். கேள்வி இருந்தால் பள்ளி நேரத்தில் உங்களுக்கு போன் செய்யட்டும். சாதாரணக் குழுவில் எல்லோர் போன் நம்பரும் எல்லோருக்கும் தெரியும், இளம் அம்மாக்களுக்கு அது தொல்லையாக முடியலாம். வாட்ஸ்அப்பிலேயே ‘கம்யூனிட்டி’ என்று ஒன்று உண்டு, அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. பிராட்காஸ்ட் வேண்டாம். உங்கள் நம்பரைப் பதிந்து வைக்காதவர்களுக்கு அது போய்ச் சேராது. போட்டோ இரண்டு போதும், அதுவும் பிள்ளைகள் செய்த வேலையை எடுங்கள். முகம் தெரிகிற படம் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான். ஆசிரியர்களையும் இதில் இழுக்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுப்பாடம் கேட்டு எந்த டீச்சருக்கும் செய்தி வரக் கூடாது. அந்த இரவை அவர்களுக்கு மீட்டுக் கொடுப்பதும் பாராட்டுதான்.

சேலை வசூலை உடனே நிறுத்துங்கள். கொடுக்கிற அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 500 ரூபாய் என்பது அந்த வீடுகள் சிலவற்றில் ஒரு நாள் கூலி. கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை வகுப்பில் கூசி உட்கார்ந்திருக்கும். அரசு ஊழியர்கள் பரிசு வாங்குவதற்கு 1973 நடத்தை விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. உங்களுடையது உதவி பெறும் பள்ளி என்றாலும் ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம்தானே, அதே எல்லைக்குள் நிற்பதுதான் அழகு. வசூலித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அந்த அம்மாக்களிடமே வேறு வேலை கொடுங்கள். செப்டம்பர் 5 அன்று ஒரு மணி நேரம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளட்டும், கதை சொல்லட்டும், தாயம், பல்லாங்குழி சொல்லித் தரட்டும். அந்த நேரத்தில் ஆசிரியர்களும் சமையலறைப் பெண்களும் அக்காவும் ஒன்றாக உட்கார்ந்து, வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் சூடாகச் சாப்பிடட்டும். பரிமாறுகிற வேலை உங்களுடையது. அமெரிக்காவில் ஆசிரியர்களைப் பாராட்டும் மே மாதத்தின் முதல் முழு வாரம் பள்ளி நடக்கிற காலம், நமக்கோ அது கோடை விடுமுறை. அந்தத் தேதியை இங்கே கொண்டுவர முடியாது, கொண்டுவரத் தேவையும் இல்லை.

ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். குழுவில் வேண்டாம், மற்ற டீச்சர்கள் முன்னால் வேண்டாம். “அந்தப் பட்டத்தை நிறுத்துகிறேன், நான்கு பேருக்குள் அது சரிப்படவில்லை” என்று சொல்லிவிட்டு, இந்தப் பள்ளியைப் பற்றி அவரிடம் கேளுங்கள். எந்த வீட்டில் என்ன கஷ்டம், எந்தப் பிள்ளை எதனால் அடிக்கடி வராமல் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அப்புறம், அடுத்த வெள்ளிக்கிழமையே அவரைப் புகழ்ந்து எழுதிவிடாதீர்கள். சமாதானப் பரிசு என்று அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். இரண்டு மூன்று வாரம் போகட்டும்.

கடைசியாகத் தாளாளர். கூட்டும் அக்காவுக்கும் நிர்வாகமே சம்பளம் கொடுக்கிற மற்றவர்களுக்கும் மாதாமாதம் ஒன்றாம் தேதி சம்பளம் போகிறதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை, அதனால் கேட்கிறேன். பாக்கி வைத்துக்கொண்டு சால்வை போர்த்துவது மரியாதை ஆகாது. பாராட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கே இருப்பதால் பேசுவது உங்களுக்குச் சிரமமாக இருக்காது. நிலுவை ஏதாவது இருந்தால் கணக்கை ஒரு தாளில் எழுதி, செப்டம்பர் 5-க்கு முன்னால் அவர் கையில் கொடுங்கள்.