மாத்திரைதான் இலவசமாகக் கிடைக்கிறதே, எச்.ஐ.வி. களப்பணியாளர் எதற்கு?

"அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரையை இலவசமாகவே தருகிறார்கள். பிறகு ஊர் ஊராகப் போகும் களப்பணியாளர்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒன்பது வருஷம் அந்த வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

மாத்திரை 2004 ஏப்ரலிலிருந்தே இலவசம்தான். முன்பு உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை குறைந்த பிறகுதான் மருந்தைத் தொடங்குவார்கள். 2017 முதல் தொற்று உறுதியான எல்லோருக்கும் தருகிறார்கள். இப்போது பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. ஆனால் அது எச்.ஐ.வி. மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து கிளம்பி, மாமியாருக்கும் நாத்தனாருக்கும் எதிர்வீட்டுக்கும் தெரியாமல், ஒரு நாள் தவறாமல் வாய்க்குள் போக வேண்டும். எங்கள் வேலை அங்கேதான்.

அந்த டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை பிளாஸ்டிக், உள்ளே முப்பது மாத்திரை. கைப்பையில் போட்டால் நடக்கிற நடைக்கு கிலுகிலு என்று சத்தம் வரும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர், "என்னத்தா மாத்திரை, சுகரா?" என்று கேட்டுவிடுவார். அந்தப் பயத்திலேயே சிலர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள். ஈரம் பட்டால் மருந்து கெட்டுவிடும். அதனால் லேபிளைத் தண்ணீர் தொட்டு உரித்துவிட்டு, டப்பாவுக்குள் பஞ்சை அடைத்துக் கொடுப்போம். சத்தம் வராது. இதை எந்தப் பயிற்சியிலும் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தானும் எச்.ஐ.வி.யோடு வாழ்கிற, என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா சொல்லித் தந்தார். புதிதாகத் தெரியவந்து அழுதுகொண்டிருப்பவர் முன்னால் அவர் தன் டப்பாவை எடுத்து வைப்பார். "பத்து வருஷமா இதத்தான் முழுங்குறேன், பாரு தாயி, எப்படி இருக்கேன்" என்பார். நான் ஒரு மணி நேரம் பேசினாலும் அந்தத் தைரியத்தைக் கொடுக்க முடியாது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் எங்களுக்குத் தூக்கமே வராது. மருந்தே இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்கு வரை அம்மாவிடமிருந்து தொற்று போகலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒழுங்காக மருந்து எடுத்தால் அது 5க்கும் கீழே வந்துவிடும். குழந்தைக்குப் பிறந்ததுமே மருந்து தொடங்கி, குறைந்தது ஆறு வாரம் கொடுக்க வேண்டும். ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்துக் காயவைத்து எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஒரு பிள்ளைக்கு அந்த நாள் வந்தபோது அதன் அம்மா, "அக்கா, தெருவுக்குள்ள வராதீங்க, கேப்பாங்க" என்றாள். பிள்ளைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசியும் அப்போதுதான். "ஊசி போட்டுட்டு வாறேன்னு சொல்லிட்டுக் கிளம்பு. நான் பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன்" என்றேன். ஊசியும் போட்டாச்சு, ரத்தமும் எடுத்தாச்சு. பதினெட்டாம் மாதம் கடைசிப் பரிசோதனையிலும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

தடுப்பு வேலையும் உண்டு. ராத்திரியில் லாரி நிற்கிற இடங்களில் ஆணுறை கொடுப்பது, விரலில் குத்திப் பார்த்து, சந்தேகம் வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போவது. மருந்தைத் தொடர்ந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. இதைக் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொல்லும்போது அந்த வீட்டு முகமே மாறும்.

கோபமும் இருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியில், பெயரைச் சொல்ல விரும்பவில்லை, வரிசையில் நின்ற ஒரு பெண்ணைப் பெயரோடு வியாதியையும் சேர்த்துக் கத்திக் கூப்பிட்டார்கள். அதே வரிசையில் அவள் ஊர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று 2018 செப்டம்பர் 10 முதல் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. சட்டம் அன்று அவளுக்குத் துணைக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கவில்லை. ஏழு மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள், இருமிக்கொண்டே. நாங்கள் எல்லோரிடமும் கேட்கிற நான்கு கேள்விகள் உண்டு: இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை. நான்குக்கும் ஆமாம் என்றாள். காசநோய். ஆறு மாதம் அதற்கும் மருந்து சாப்பிட்டு எழுந்தாள்.

நான் அந்த வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. மாத்திரை வாங்குகிற தேதி வந்தால் மதுரை ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "அக்கா, வந்துட்டேன்" என்று போன் பண்ணுவாள். நான் பஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.