டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவருக்குக் கொரோனா வந்தால் ஆபத்து கூடுமா?

டெஸ்டோஸ்டிரோன் என்பது தசை, எலும்பு, ரத்த உற்பத்திக்குத் துணைநிற்கும் ஆண் ஹார்மோன். அது குறைந்தவர்களுக்கு ஊசியாகவோ ஜெல்லாகவோ கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சை.

கொரோனா ஆண்களை அதிகம் பலிவாங்கியதால் முதலில் பழி இந்த ஹார்மோன் மீதே விழுந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 723 ஆண்களை ஆராய்ந்து 2022இல் வெளியான முடிவு வேறு. ஹார்மோன் குறைந்தவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 2.4 மடங்கு, சிகிச்சையால் அளவு சீரானவர்களுக்கு அந்தக் கூடுதல் இல்லை.

அதற்காகக் குறைவுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நம்ம காரைக்குடிப் பக்கம் ஊருணி வற்றினால் பின்கட்டுக் கிணறும் வற்றும். ஊருணியால் கிணறு வற்றியதா, மழை பொய்த்து இரண்டுமே வற்றினவா? இங்கே பொய்த்த மழை சர்க்கரை, உடல்பருமன் போன்றவை.

ஊசி போட்டால் கொரோனா வராது என்று மட்டும் நினைக்காதீர்கள்: அது தடுப்பூசி அல்ல, விந்தணுவையும் குறைக்கும்.