சிறிய லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடையும்போது அலைக்கோடுகள் விழுவது ஏன்?

மெல்லிய எஃகுத் தண்டைக் கடைந்தால் மேற்பரப்பு அலை அலையாக வருகிறது, கிறீச்சென்று சத்தமும் கேட்கிறது என்கிறீர்கள். அது அதிர்வுதான். டூல் (வெட்டும் உளி) அழுத்தும்போது தண்டு வளைகிறது, அழுத்தம் குறைந்ததும் திரும்புகிறது. தண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கிலிருந்து நீண்டிருக்கும் நீளம் 2 மடங்கானால் வளைவு 8 மடங்காகும். விட்டம் பாதியானால் 16 மடங்கு! அதனால் நீளம் விட்டத்தைப் போல 3 மடங்கைத் தாண்டினாலே தண்டின் முனையில் நடுவே சிறு துளை (சென்டர் துளை) போட்டு, லேத்தின் எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக்கால் தாங்கிவிடுங்கள். டூலையும் அதைப் பிடிக்கும் ஹோல்டருக்கு வெளியே அதிகம் நீட்டாதீர்கள், அதற்கும் இதே கணக்குதான்.

அப்புறம் சுழலும் வேகத்தைக் குறைத்து, ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை) சற்றுக் கூட்டிப் பாருங்கள். பலர் பயந்து ஃபீடைக் குறைக்கிறார்கள்; டூல் வெட்டாமல் உரச ஆரம்பித்தால் அதிர்வு இன்னும் கூடும். முனை ஆரம் (வெட்டும் நுனியின் வளைவு) சிறிதாக உள்ள டூல் தண்டைப் பக்கவாட்டில் குறைவாகவே தள்ளும்.