மாதம் கூட்டினால் என்ன தேதி வரும்? – பத்திர எழுத்தரிடம் கேள்வி பதில்

திருமங்கலத்தில் 30 வருடத்துக்கு மேல் பத்திரம் எழுதியவன் நான். கடன், வாடகை, ஒத்தி, கிரயம் என்று எதை எழுதினாலும் ஒரு இடத்தில் “இத்தனை மாதத்தில்” என்று வரும். தகராறு பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் கிளம்பும். எங்கள் பகுதி ஆட்கள் குழுவில் “மாதக் கணக்கு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள்” என்றேன். பத்திரம் பற்றி மட்டும் கேட்பார்கள் என்று நினைத்தேன். தடுப்பூசியிலிருந்து அழகர் வரை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

ஆரப்பாளையம், கல்லூரி மாணவர்: காலண்டரைப் பார்க்காமல் 17 மாதம் கழித்து எந்த மாதம் என்று எப்படிச் சொல்வது சார்?

மாதத்துக்கு எண் கொடுங்கள். ஜனவரி 1, டிசம்பர் 12. நவம்பர் 2025-லிருந்து 17 மாதம் என்றால் 11-ம் 17-ம் 28. அதில் இரண்டு 12 போனால் மீதி 4. அதாவது ஏப்ரல். இரண்டு 12 கழித்ததால் வருடத்தில் இரண்டு கூடும், ஏப்ரல் 2027.

பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அக்டோபரோடு 14 மாதம் கூட்டினால் 24. இரண்டு 12 கழித்தால் பூஜ்யம் வரும், பூஜ்யமாவது மாதம் என்று ஒன்று இல்லை. அதனால் ஒரு 12 மட்டும் கழியுங்கள். மீதி 12, டிசம்பர், அடுத்த வருடம். மிஞ்சுவது எப்போதும் 1-க்கும் 12-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

திருநகர்: ஜனவரி 31-லிருந்து ஒரு மாதம் என்றால் பிப்ரவரி 28-ஆ, மார்ச் 3-ஆ? கம்ப்யூட்டரில் இரண்டும் வருகிறது.

நல்ல கேள்வி. இதற்கு நம் நாட்டில் 1881-லேயே பதில் எழுதி வைத்துவிட்டார்கள். அந்த வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (செக், புரோநோட்டு பற்றிய சட்டம்) 23-வது பிரிவைப் பாருங்கள். மாதம் கூட்டி வரும் மாதத்தில் அந்தத் தேதி இல்லையென்றால், அந்த மாதத்தின் கடைசி நாளோடு தவணை முடிகிறது. சட்டத்துக்குள்ளேயே உதாரணமும் உண்டு. 1878 ஜனவரி 29 தேதியிட்டு ஒரு மாதத் தவணைக்கு எழுதிய பத்திரத்துக்குப் பிப்ரவரி 28-ல் மாதம் முடிகிறது, அதற்குமேல் 3 நாள் சலுகை. 1878 ஆகஸ்ட் 30-ல் எழுதியதும் ஆகஸ்ட் 31-ல் எழுதியதும், மூன்று மாதத் தவணையாக இருந்தால், இரண்டும் டிசம்பர் 3 என்ற ஒரே நாளில்தான் விழும். நவம்பருக்கு 30-தான் கடைசி, அதற்குமேல் 3 நாள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பிப்ரவரி 28. லீப் வருடமானால் 29.

கம்ப்யூட்டர் விஷயம்: எக்செல்லில் ‘இடேட்’ என்ற ஃபார்முலா இந்த வழக்கப்படியே கடைசி நாளில் நிறுத்திவிடும். ‘டேட்’ ஃபார்முலாவில் 2025, 2, 31 என்று கொடுத்தால் மிஞ்சிய மூன்று நாளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி மார்ச் 3 என்று காட்டும். தவணைத் தேதிக்கு முதலாவதுதான் சரி.

இன்னொன்று, இதை மட்டும் மறக்காதீர்கள். ஜனவரி 31-லிருந்து ஒரு மாதம் கூட்டிப் பிப்ரவரி 28, அந்த 28-லிருந்து ஒரு மாதம் கூட்டி மார்ச் 28 என்று படிப்படியாகப் போனால், முதல் பிப்ரவரியில் இழந்த மூன்று நாள் திரும்ப வரவே வராது. ஒவ்வொரு தவணையையும் மூலத் தேதியிலிருந்தே எண்ணுங்கள். ஒரு மாதம் என்றால் பிப்ரவரி 28, இரண்டு மாதம் என்றால் மார்ச் 31. தவணை அட்டை எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

மேலூர்: 14.7.2023-ல் கேட்டவுடன் கொடுப்பதாக எழுதிய புரோநோட்டு கையில் இருக்கிறது. எப்போது காலாவதி ஆகும் அண்ணே?

மூன்று வருடம். 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி எழுதிய நாளைத் தள்ளிவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். அப்படியானால் 14.7.2026 முடிய உங்களுக்கு உரிமை இருக்கிறது. அன்று கோர்ட்டு விடுமுறையாக இருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

ஆனால் தம்பி, கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். கடன் வாங்கியவர் அந்த மூன்று வருடத்துக்குள் ஏதாவது ஒரு தொகை கொடுத்து, நோட்டின் பின்பக்கம் தன் கைப்பட வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். காலம் கடந்த பிறகு எழுதும் வரவுக்கு இந்தப் பலன் இல்லை. நீங்களே எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுக்கொள்ளும் வரவும் செல்லாது.

செல்லூர்: செக்குக்கு மூன்று மாதம் என்றால் 90 நாளா?

இல்லை, மாதக் கணக்கு. ஜூன் 10 தேதியிட்ட செக்குக்குச் செப்டம்பர் 10-க்குள் 92 நாள் ஓடிவிடும். 2012 ஏப்ரல் 1-க்கு முன்பு ஆறு மாதம் இருந்தது, ரிசர்வ் வங்கி மூன்றாகக் குறைத்தது. அதே செக் திரும்பி வந்துவிட்டால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வங்கி தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கொடுக்க 15 நாள், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். ஒரே விஷயத்துக்குள் நாளும் வருகிறது, மாதமும் வருகிறது. 30 நாள் என்று எழுதியிருக்கும் இடத்தில் “அடுத்த மாதம் இதே தேதி” என்று நினைத்தால், 31 நாள் உள்ள மாதத்தில் ஒரு நாள் பிந்திவிடுவீர்கள்.

கே.கே. நகர்: வாடகை ஒப்பந்தம் 15 ஜூன் 2025 முதல் 11 மாதம். 14 மே 2026-ல் முடிகிறதா, 15-லா? வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், புரோக்கர் ஒன்று சொல்கிறார்.

இதில் எனக்கு ஒரு வலி உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் “15-ம் தேதியிலிருந்து 11 மாதம்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். முடிகிற நாள் எழுதவில்லை. அந்த 15-ம் தேதி காலையில் புதிதாகக் குடிவருகிறவர் சாமான் வண்டியோடு வந்து நிற்கிறார். உள்ளே இருந்தவர் “இன்றைக்கு என் நாள்” என்கிறார். இரண்டு பேரும் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சாமான் முழுக்கத் தார்ப்பாய் போட்டு ராத்திரி தெருவில் கிடந்தது, கைக்குழந்தையோடு வந்த குடும்பம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்தது. நான் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் அந்த இரவு இல்லை.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 110-வது பிரிவு, ஒரு நாளிலிருந்து என்று எழுதினால் அந்த நாளைத் தள்ளி எண்ணச் சொல்கிறது. அந்தக் கணக்கில் மே 15 வரும். 15-ம் தேதியும் சேர்த்து வாடகை கொடுத்துக் குடியிருக்கிறீர்கள், அதனால் மே 14 என்பது நம் ஊர் வழக்கம். இரண்டில் எது என்று வாதாடுவதைவிட, “15.6.2025 முதல் 14.5.2026 வரை, இரு நாளும் உட்பட” என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து நான் அப்படித்தான் எழுதுகிறேன். ஏன் 11 மாதம் என்றும் பலர் கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்று 1908-ம் வருடப் பதிவுச் சட்டம் சொல்கிறது, அதிலிருந்து வந்த பழக்கம். தமிழ்நாட்டில் 2017-ல் வந்த வாடகைச் சட்டப்படி, மாதம் எத்தனையானாலும் வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்திக்கு வீடு எடுக்கிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணத்தை மொத்தமாகக் கொடுத்து வீட்டில் இருப்பது சட்டத்தின் கண்ணில் சுவாதீன அடமானம். வெறும் ஸ்டாம்புத் தாளில் “மூன்று வருடம்” என்று எழுதிக்கொண்டால் போதாது, பதிவு செய்யுங்கள். லட்சக்கணக்கில் கொடுத்தவர்கள் இதில் ஏமாந்து நிற்பதைப் பார்க்க மனது தாங்கவில்லை.

செக்கானூரணி: ஐயா, ஒன்றரை மாத ஊசி என்கிறார்கள். பிள்ளை ஜூலை 8-ல் பிறந்தான். 45 நாள் எண்ணிப் போனால் நர்ஸ் அம்மா “லேட்டு” என்றார்.

தாயி, பேச்சுவழக்கில்தான் அது ஒன்றரை மாதம். அட்டையில் 6 வாரம் என்று இருக்கும். 6 வாரம் 42 நாள், ஆகஸ்ட் 19. இரண்டரை மாத ஊசி 10 வாரம், மூன்றரை மாத ஊசி 14 வாரம். முதல் ஊசி தள்ளிப் போயிருந்தால் அடுத்ததற்கும் நான்கு வாரம் இடைவெளி வேண்டும், அவர்கள் எழுதிக் கொடுக்கும் தேதியையே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தட்டம்மை ஊசி. அதற்கு 9 மாதம் முடிய வேண்டும், 8 ஏப்ரல் 2026. “ஒன்பதாவது மாதம்” என்பது வேறு, அது மார்ச் 8-லேயே தொடங்கிவிடும். ‘நடக்கிற மாதம்’, ‘முடிந்த மாதம்’ இரண்டையும் குழப்பினால் ஒரு மாதம் முந்திப் போய் நிற்போம்.

திருப்பரங்குன்றம்: பத்து மாதம் சுமப்பதாகச் சொல்கிறோம், டாக்டர் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுகிறார். எது சரி?

இரண்டும் ஒன்றுதான் அம்மா. கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து 280 நாள். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து. காலண்டர் மாதமாக எண்ணினால் ஒன்பதும் ஒரு வாரமும். ஆகஸ்ட் 12 என்றால் மே 12, அதோடு 7, மே 19. எண்ணிப் பார்த்தேன், 280 சரியாக வருகிறது. மாதவிடாய் சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கு ஸ்கேனில் சொல்லும் தேதிதான் கணக்கு.

உசிலம்பட்டி: போன ஆடி 18-ல் கொடுத்த பணத்தை ஆறு மாதத்தில் திருப்ப வேண்டும் என்று பேச்சு. தை 18-ஆ, பிப்ரவரி 3-ஆ?

2025-ல் ஆடி 18 என்பது ஆகஸ்ட் 3. தமிழ் மாதமாக எண்ணினால் தை 18, அது 2026 பிப்ரவரி 1. இங்கிலீஷ் மாதமாக எண்ணினால் பிப்ரவரி 3. இரண்டு நாள் வித்தியாசம்.

ஏன் வருகிறது என்றால், தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். ஜூலை தொடக்கத்தில் பூமி சூரியனுக்குத் தூரத்தில் இருந்து மெதுவாக ஓடுகிறது, அதனால் ஆனி 31 அல்லது 32 நாள் நீள்கிறது. ஜனவரி தொடக்கத்தில் கிட்டத்தில் இருந்து வேகமாக ஓடுகிறது, அதனால் மார்கழி 29 அல்லது 30-ல் முடிந்துவிடுகிறது. இத்தனை நுணுக்கமாக மாதத்தை வகுத்து வைத்தவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

வாய்ப்பேச்சு எந்த மாதத்தில் நடந்ததோ அதையே பிடியுங்கள். “ஆடி 18” என்று சொல்லிக் கொடுத்தீர்கள் என்றால் தை 18 நியாயம். எழுத்தில் இருந்தால் அது வேறு. 1897-ம் வருடத்துப் பொதுப் பிரிவுகள் சட்டப்படி, சட்டங்களில் மாதம் என்றால் இங்கிலீஷ் மாதம்தான்.

சிம்மக்கல்: அழகர் இறங்கிப் பன்னிரண்டு மாதம் ஆனால் மறுபடி இறங்க வேண்டுமே, ஏன் தேதி அலைகிறது?

அழகர் வைகையில் இறங்குவது சித்திரா பௌர்ணமிக் கணக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29½ நாள். பன்னிரண்டு பௌர்ணமிக்கு 354 நாள்தான் ஆகிறது. 2023 மே 5-ல் இறங்கினார், 2024 ஏப்ரல் 23-ல் இறங்கினார், இடையில் சரியாக 354 நாள். அப்படியே விட்டால் வருடத்துக்குப் பதினோரு நாள் முந்திக்கொண்டே போய்ச் சித்திரையை விட்டே வெளியேறிவிடும். அதனால் அடுத்த முறை பதின்மூன்று பௌர்ணமி எடுத்துக்கொண்டது. 2025 மே 12. எண்ணிப் பாருங்கள், 384 நாள்.

திதி பார்த்துச் செய்யும் வருட தெவசத்துக்கும் இதே காரணம்தான். இறந்த தேதியோடு பன்னிரண்டு மாதம் கூட்டக் கூடாது, அதே தமிழ் மாதத்தில் அதே திதி என்றைக்கு வருகிறது என்று பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டும்.

வாடிப்பட்டி: ஏடிடி 45 நெல், மூன்றரை மாதப் பயிர் என்கிறார்கள். அக்டோபர் 10-ல் நாற்றங்கால் விட்டேன்.

110 நாள். விதை விட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும், நடவு நாளிலிருந்து இல்லை. ஜனவரி 28 வாக்கில் அறுப்பு. மிஷினுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சோழவந்தான்: அக்டோபர் 31, 2025-ல் கிரயப் பத்திரத்தில் கையெழுத்தாகிவிட்டது. பதிய நான்கு மாதம் என்கிறார்கள். என்றைக்குள் போக வேண்டும்?

பிப்ரவரியில் 31 இல்லை, ஆகவே 28 பிப்ரவரி 2026. அன்று சனிக்கிழமை. விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் ஏற்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள், வெள்ளிக்கிழமை 27-க்குள் முடித்துவிடுங்கள். தவறினால் இன்னொரு நான்கு மாதம் வரை அபராதத்தோடு கேட்டுப் பார்க்கலாம், அது பத்து மடங்குக் கட்டணம் வரை போகும். விற்றவர் வெளியூர்க்காரர் என்றால் அவர் வந்து நிற்கும் நாளை இப்போதே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வில்லங்கம் புதிதாக ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.